சோலி இல்லாத நாயும் கடிபட்ட நாற்காலியும்

வளர்ப்புப் பிராணிகள் வீட்டுப் பொருள்களைக் கடித்துச் சிதைக்கின்றன என்ற புலம்பல் எங்கள் பக்கத்தில் ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் முடியும் வரை மிகுதியாகக் காதில் விழும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து, குற்றாலத்து அருவிகளுக்குத் தண்ணீரையும் செங்கோட்டை, புளியரை, பண்பொழி ஊர்களுக்கு ஓயாத சாரலையும் கொண்டுவருகிற மாதங்கள் அவை. வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். நாய் வளர்க்கிற வீடுகளுக்கோ, ஈரத்தில் இறங்க மனமில்லாத மனிதர்களும் வெளியே போகாமல் இருக்க முடியாத ஒரு விலங்கும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடக்கிற காலம். நாயின் பொழுதில் பாதி அப்போது காலியாகிவிடுகிறது. அந்தக் காலியிடத்தைத்தான் அது பல்லால் நிரப்பிக்கொள்கிறது.

எங்கள் நாயின் பெயர் செவலை. இராஜபாளையத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. தாய் சிப்பிப்பாறை என்ற நாட்டு வேட்டை நாய் இனம், தகப்பன் யாரென்று எவருக்கும் தெரியாது. நீண்ட கால்களும் ஒட்டிய வயிறும் கூரிய முகமுமாக, முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனத்தின் உடல்வாகு அப்படியே வந்திருக்கிறது. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம் என்பதால் அந்த உடலுக்கு உரிய வேலை இல்லாமல் போயிற்று. அது வந்து சேர்ந்ததோ, தினமும் தென்காசிக்கு வேலைக்குப் போகிற நான், மாலையானால் டி.வி. தொடரில் ஆழ்ந்துவிடுகிற என் அத்தை, பள்ளிக்கூடம் போகிற மகன், புனலூரில் வேலை பார்த்து வார இறுதியில் மட்டும் வருகிற கணவர் ஆகியோர் இருக்கிற வீட்டுக்கு. ஒரு வயது முடிந்த பிறகு வந்த முதல் சாரலில் பிரம்பு நாற்காலியின் கால்கள், கயிற்றுக் கால்மிதி, குடைப்பிடி, பள்ளிக்கூட ஷூ, டி.வி. ரிமோட் என்று வரிசையாகக் கடிபட்டன. பிரம்பு நாற்காலியை அது கடித்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் சுற்றிக் கட்டியிருக்கும் பிரம்பு நாரின் நுனியை முன்பற்களால் நெருடிக் கண்டுபிடிக்கும். பிறகு அதை மெல்ல இழுத்து, சுற்று சுற்றாக அவிழ்த்து, கட்டெல்லாம் போன பின் உள்ளே இருக்கும் மூங்கிலைக் கடைவாயில் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அரைக்கும். கோபமோ வெறியோ அந்த முகத்தில் இருக்காது. ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கிற முகம் அது.

பால்பல் விழுந்து முளைக்கிற வயதைக் குட்டிகள் கடிப்பதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை நான்காவது மாதத்தை ஒட்டி விழத் தொடங்கி, ஏழாவது மாதத்துக்குள் நிலையான 42 பற்களும் பெரும்பாலும் வந்துவிடும். ஈறு அரிக்கிற அந்தக் காலத்தில் எதையும் கடிப்பது இயல்பு. ஆனால் செவலை அந்த வயதைக் கடந்திருந்தது. எனவே வேறு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது. மகனின் பழைய நோட்டு ஒன்றில், கடிபட்ட பொருள் எது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அப்போது வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதி வைக்கத் தொடங்கினேன். இந்தப் பழக்கத்தை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். எந்தப் பொம்மையையும் எந்தத் தெளிப்பானையும் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

நோட்டு சொன்ன செய்தி நான் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே போயிருக்கும் நடுப்பகலில் செவலை அநேகமாக எதையும் தொடுவதில்லை, தூங்குகிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் உறங்கியோ படுத்தோ கழிப்பது வழக்கம். கடிபட்ட பொருள்களில் பெரும்பாலானவை மாலை நாலரை மணியிலிருந்து ஆறரை மணிக்குள் கடிபட்டவை. பையன் வீட்டுப்பாடத்தில் இருப்பான், அத்தை டி.வி.யின் முன் இருப்பார், நான் வந்தவுடன் அடுப்படிக்குள் போயிருப்பேன். வீட்டில் ஆள் நிறைந்திருந்தும் நாயைப் பார்க்க ஆளில்லாத நேரம் அது. தூங்கி எழுந்து உடம்பில் தெம்பு ஏறியிருக்கும் நேரமும் அதுவே. மழையால் காலை நடை தவறிய நாள்களில் கடி இரட்டிப்பாகியிருந்ததையும் நோட்டு காட்டியது.

புளியரையில் வயல் வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர் எங்களுக்கு உண்டு. காட்டோரத்து வயல் என்பதால் பன்றிக் காவலுக்குக் கன்னி என்ற நாட்டு இன நாய்களைப் பல காலம் வளர்த்தவர். அவரிடம் இதைச் சொன்னேன்.

“உங்க நாயெல்லாம் இப்படி எதையும் கடிச்சிருக்கா பெரியப்பா?”

“அதுகளுக்கு ஏதுட்டி நேரம்? விடியறதுக்கு முன்னாடி வயலுக்கு வரும். ராத்திரி பன்னிய வெரட்டும். ஒங்க வீட்டு நாய்க்கு ஒரு சோலியும் இல்லல்லா, பொறகு அது என்னதான் செய்யும்?”

அவர் வயலில் கண்டதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கிளென் ஜென்சன் 1963-இல் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் தீனி தாராளமாக வைக்கப்பட்டிருந்தது. அதே தீனியை ஒரு நெம்புகோலை அழுத்தியும் பெறலாம். பாடுபடாமல் கிடைப்பது பக்கத்திலேயே இருந்தும், எலிகள் நெம்புகோலை அழுத்திப் பெறும் தீனியையும் நாடிச் சென்றன. பின்னாளில் பல விலங்குகளிடமும் பறவைகளிடமும் இந்த இயல்பு காணப்பட்டது. தேடுவதும் முயல்வதும் கிழிப்பதும் விலங்குக்குச் சுமையாக இருப்பதில்லை. உணவைப் போலவே அவையும் அதற்குத் தேவைப்படுகின்றன. நாம் நாயின் சோற்றைத் தட்டில் போட்டு வைக்கிறோம். அது அரை நிமிடத்தில் விழுங்கிவிடுகிறது. மிச்சமுள்ள பகலுக்கு அதனிடம் திட்டம் எதுவும் இல்லை. வாயை நாம் கையைப் பயன்படுத்துவதுபோல் பயன்படுத்துகிற உயிர் என்பதால், கையில் அகப்பட்டதைக் குடைகிற பிள்ளையாக அது மாறிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். சலிப்பினால் கடிக்கிற நாயும், தனிமையைத் தாங்க முடியாமல் கடிக்கிற நாயும் ஒன்றல்ல. ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றொன்றுக்குப் பயன்படாது. எங்கள் தெருவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு லாப்ரடார் இருந்தது. அவர்கள் வீட்டுப் பலா மர நிலைக்கதவைக் காட்டி, எங்கள் நாயைப் போலவே இதுவும் செய்கிறது என்றார்கள். பார்த்தவுடனேயே வித்தியாசம் தெரிந்தது. கீறலும் கடியும் தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தில் மட்டும், நாய் எழுந்து நின்றால் எட்டுகிற உயரம் வரை, நெருக்கமாக இருந்தன. கீழே மரத்துருவலோடு எச்சில் காய்ந்த திட்டு. செருப்பு, துணி, கால்மிதி எல்லாம் அருகிலேயே தொடப்படாமல் கிடந்தன. ஜன்னலில் பழைய கைபேசி ஒன்றை வைத்துக் காணொளி எடுக்கச் சொன்னேன். மோட்டார் சைக்கிள் சத்தம் தேய்ந்த சில நிமிடங்களுக்குள் நாய் அங்குமிங்கும் நடந்து, மூச்சு வாங்கி, ஊளையிட்டு, நேராகக் கதவுக்குப் போய்விட்டது. சலித்த நாய் அப்படிச் செய்யாது. அது முதலில் ஒரு தூக்கம் போடும், பிறகு எழுந்து ருசி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்க்கும், ஆள் இருந்தாலும் கடிக்கும். அந்த லாப்ரடாருக்குத் தேவைப்பட்டது பொம்மை அல்ல. பத்து விநாடி வெளியே போய்த் திரும்புவதில் தொடங்கி, நாய் பதறாத அளவுக்குள்ளேயே நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும் பயிற்சியும், கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் தேவைப்பட்டன. இப்போது ஓரளவு தேறியிருக்கிறது. நீண்ட நேரம் வெளியே இருக்க வேண்டிய நாள்களில் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுவும் ஒரு தீர்வுதான்.

அடிப்பதையும் திட்டுவதையும் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. கடித்து முடித்து அரை மணி நேரம் கழித்துக் கிடைக்கிற அடியை நாய் அந்தக் கடியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வீட்டுக்குள் நுழைகிற மனிதரோடுதான் சேர்த்துப் பார்க்கிறது. “தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியத் திருப்புது பாரு” என்று அத்தை சொல்வார். அந்த முகத்தைப் பற்றி, நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தின்னக் கூடாது என்று தடுத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதை உரிமையாளருக்கு மாற்றிச் சொல்லிப் பார்த்தபோது, குற்றம் செய்த நாயிடம் அந்த முகம் கூடுதலாகத் தோன்றவில்லை. திட்டு வாங்கிய நாயிடம் தோன்றியது, தின்னாமல் திட்டு வாங்கிய நாயிடமும் தோன்றியது. அது நம் குரலுக்கு அஞ்சுகிற முகம். இதை அத்தையிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார்.

நாங்கள் செய்த மாற்றங்களில் பெரும் பலன் தந்தது காலை நடையை மாற்றியமைத்ததுதான். தூரத்தைக் கூட்டவில்லை, வேகத்தைக் குறைத்தோம். முன்பெல்லாம் பிரதான சாலையில் இழுத்துக்கொண்டு போய் இழுத்துக்கொண்டு வருவோம். இப்போது குண்டாற்றுப் பக்கம் போகிற வயல்வரப்பில், கயிற்றை நீளமாக விட்டு, மோப்பம் பிடிக்க விரும்பும் இடத்திலெல்லாம் நிற்க விடுகிறோம். ராத்திரி கீரிப்பிள்ளை போன தடத்தையும் மற்ற நாய்கள் விட்டுச் சென்ற சேதியையும் அது முகர்ந்து தெரிந்துகொள்ள நேரம் வேண்டும். முகர்வது நாய்க்கு மூளை வேலை. அரை மணி நேரம் முகர்ந்து திரும்பிய நாய் ஒரு மணி நேரம் நடத்தி இழுத்து வரப்பட்ட நாயைவிட அமைதியாகப் படுக்கிறது என்பது என் கணிப்பு. சாரல் இடையிடையே விட்டுவிட்டுத்தான் பெய்யும். ஆறு மணிக்கு இடைவெளி கிடைக்காவிட்டால் ஏழு மணிக்குக் கிடைக்கும். நடை முடிந்ததும் கால்விரல் இடுக்குகளைத் துடைத்து, அட்டையும் உண்ணியும் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாரத்தில் சில நாள் வேலி போட்ட தென்னந்தோப்பில் அவிழ்த்து விடுகிறோம். சிப்பிப்பாறை இரத்தம் உள்ள நாய்க்கு நெடுந்தூர நடையைவிட இரண்டு மூன்று முறை முழு வேகத்தில் ஓடுவது திருப்தியைத் தருகிறது. ஓடி முடித்தால் நாள் முழுவதும் கிடந்து உறங்கும்.

அடுத்தது தட்டை எடுத்துவிட்டது. முழுவதுமாக அல்ல, சோறு தட்டில்தான். ஆனால் அதன் பங்கில் ஒரு பகுதியை மாலை நாலே கால் மணிக்கு, அதாவது கடி தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னதாக, தேடித் தின்னும்படி கொடுக்கிறோம். காலியான முட்டை அட்டையின் குழிகளில் வேகவைத்த கோழித் துண்டுகளைப் போட்டு இன்னொரு அட்டையால் மூடுவது, பழைய துண்டை விரித்துத் தீனியைத் தூவிச் சுருட்டி முடிச்சிடுவது, முற்றத்து மண்ணில் உலர்தீனியைச் சிதறி விடுவது ஆகிய மூன்றும் காசில்லாத வழிகள். அட்டையைக் கிழிக்கிற நாய்க்கு இது பொருந்தும், விழுங்குகிற நாய்க்குப் பொருந்தாது. முதல் சில நாள் பக்கத்தில் இருந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மையும் ஒன்று வாங்கினோம். அந்த வகைப் பொம்மையின் பிறப்பே ஒரு கடிக்கிற நாயால் நேர்ந்தது. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்த தம் ஜெர்மன் ஷெப்பர்டின் கவனத்தைத் திருப்ப, பழுதுபார்த்துக்கொண்டிருந்த வோக்ஸ்வாகன் வண்டியின் உதிரிபாகங்களை வீசிப் பார்த்தார். நாய் சஸ்பென்ஷனில் வரும் ஒரு ரப்பர் துண்டைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. காங் என்ற பொம்மை அதிலிருந்து வந்தது. கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரமாக இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை நல்ல விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று கணவர் சலித்துக்கொண்டார். தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால், செவலை அதை நக்கி முடிக்க அத்தையின் ஒரு தொடர் முடிகிற நேரம் ஆகிறது. அடைக்கிற உணவில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் இருக்கக் கூடாது. இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்த பண்டங்கள் நாய்க்குக் கொடிய விஷம்.

கடிக்கக் கொடுக்கும் பொருள் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதாவது பதிய வேண்டும். பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும். மேல்தாடையில் சதை கிழிக்கும் பெரிய கடைவாய்ப் பல்தான் பெரும்பாலும் பிளவுபடும். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் பாசத்தோடு பொட்டலம் கட்டிக்கொண்டு வரும் கோழி எலும்பை நான் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவேன். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைத் துளைக்கும். கடையில் விற்கிற பதப்படுத்திய தோல் எலும்பும் எனக்கு உவப்பில்லை; ஊறிய துண்டு தொண்டையில் அடைக்கலாம். மட்டைத் தேங்காயை உருட்டி விளையாட விடுகிறோம், ஆனால் நாரை உரித்து விழுங்கத் தொடங்கினால் எடுத்துவிடுகிறோம். வெள்ளரிக்காயும் காரட்டும் குளிர வைத்துக் கொடுத்தால் நன்றாகக் கடிக்கும்.

எங்கள் பகுதித் தோட்டங்களில் இருக்கும் ஆபத்துகளைத் தனியே சொல்வது அவசியம். சலித்த நாய் முதலில் தோட்டத்தைத்தான் தோண்டும். மலையாள நாட்டு வழக்கம் கலந்த ஊர் என்பதால் பல வீடுகளின் பின்கட்டில் மரவள்ளி உண்டு. பச்சைக் கிழங்கிலும் இலையிலும் சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. ஆடு மாடுகள் இலையைத் தின்று மாண்டுபோவது கேரளத்தில் புதிதல்ல, நாய்க்கும் அது நஞ்சுதான். பூஜைக்கு வளர்க்கும் அரளியிலும் மஞ்சள் அரளியிலும் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். வேலியில் படரும் செங்காந்தளின் கிழங்கில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பாக்கில் உள்ள அரெகோலின் ஒரு காலத்தில் நாய்களின் நாடாப்புழுவுக்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டது. அளவு மீறினால் எச்சில் வழிந்து, வாந்தியும் பேதியும் கண்டு நாய் சுருண்டுவிடும். எனவே அத்தையின் வெற்றிலைப் பெட்டியும் சுண்ணாம்பு டப்பாவும் அலமாரிக்கு ஏறின. மாங்கொட்டை குடலை அடைக்கும். ரிமோட்டைக் கடிக்கிற நாய் பேட்டரியையும் துளைக்கும், உள்ளிருக்கும் காரம் வாயையும் உணவுக்குழாயையும் வேக வைத்துவிடும். மின்கம்பியைக் கடித்து அதிர்ச்சி வாங்கிய பிராணி எழுந்து நடமாடினாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விஷம் தின்றது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது இங்கே பரவலான வழக்கம். அதனாலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தின்றதன் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவதே சரி.

எடுத்து வைப்பது, மாற்றிக் கொடுப்பது என்ற இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டியிருக்கிறது. பழைய செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைத் தொடாதே என்பது நடவாத காரியம்; தோலின் வாசனையும் நம் வியர்வையும் இரண்டிலும் ஒன்றே. செவலை எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் நாங்கள் துரத்துவதில்லை. துரத்துவது அதற்கு அன்றைக்குக் கிடைக்கிற ஆகச் சிறந்த விளையாட்டு. அதற்காகவே மறுநாளும் கவ்வும். கோழித் துண்டை மூக்கருகே நீட்டி, அது வாயைத் திறக்கும் நொடியில் “விடு” என்று சொல்லி, பொருளை எடுத்துக்கொண்டு துண்டைக் கொடுப்போம். முதலில் மதிப்பில்லாத பொருள்களில் பழக்கினோம். ரிமோட்டுக்கும் ஷூவுக்கும் பிறகுதான் வந்தோம். இதில் பையன் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். கசப்புத் தெளிப்பான்கள் சில நாய்களைத் தடுக்கின்றன, சில நாய்கள் நக்கிவிட்டுப் போகின்றன. மிளகாய்ப்பொடி தூவுவதை மட்டும் நான் வன்மையாக எதிர்க்கிறேன். கண்ணில் பட்டால் புண்ணாகும், கடிக்கிற ஆசையும் போகாது. வேப்பெண்ணெயைப் பூனை இருக்கிற வீட்டில் பூச வேண்டாம். பூனை உடலை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும்.

பூனையின் வழக்கு வேறு. 2021-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனைகள் பாடுபட்டுப் பெறும் தீனியைவிடத் தட்டில் சும்மா கிடைக்கும் தீனியையே பெரிதும் விரும்பின. பூனை வளர்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். ஆகவே சலித்த பூனைக்குப் புதிர்ப் பொம்மையைவிட வேட்டை விளையாட்டு பொருத்தமானது: குச்சி நுனியில் கோழி இறகைக் கட்டி, பதுங்கவும் பாயவும் பிடிக்கவும் விட்டு, முடிவில் ஒரு வாய் உணவு கொடுப்பது. கம்பளியையும் பிளாஸ்டிக் பையையும் சப்பிக் கடிக்கிற பூனைகள் உண்டு. சயாமீஸ் போன்ற இனங்களில் கம்பளி சப்புவது பிறவியிலேயே வருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் பூனைக்குப் பேராபத்து பூ கட்டிய நூல். பக்கத்து வீட்டுப் பூனை, கூடத்தில் வாடிப் போய்க் கிடந்த மல்லிகைச் சரத்தை மென்று நூலோடு விழுங்கியது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் நூல் உள்ளே போகத் தொடங்கினால் அதனால் துப்ப முடியாது. ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் நூலின் மேல் சுருக்குப்பை போல மடிந்து அறுபட்டுவிடும். அந்தப் பூனைக்கு அறுவைச் சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். வாயிலிருந்தோ பின்புறத்திலிருந்தோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. சரத்தை அவிழ்த்த கையோடு மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவது இப்போது எங்கள் தெருவிலேயே வழக்கமாகிவிட்டது.

முயல் வளர்க்கிறவர்கள் கடிப்பதை நிறுத்த முயலக் கூடாது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும், வாரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வளர்கின்றன; தேய்க்காவிட்டால் வாய் மூட முடியாமல் பட்டினி கிடக்கும். நாள் முழுக்கப் புல்லும் வைக்கோலும், கடிக்கக் கொய்யாக் கிளையும் இருந்தால் வயரைத் தேடி வருவது குறையும். கிளியைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஓணத்துக்குப் புனலூர் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையனிடம் விட்டுச் செல்கிறோம். சோற்று அளவைவிட நடைக்கும் மாலைத் தீனிக்கும் உரிய நேரத்தையே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அவன் கடைசியாகப் பார்த்துக்கொண்டபோது கயிற்றுக் கால்மிதியின் ஓரம் மட்டும் போயிருந்தது. மழை வலுத்து நடை தவறிய நாள் அது என்று அவனே சொன்னான்.

இவை எல்லாம் ஆரோக்கியமான பிராணிக்கு உரியவை. அமைதியாக இருந்த வளர்ந்த நாய் திடீரென்று மண்ணையும் சுண்ணாம்புச் சுவரையும் தின்னத் தொடங்கினால், குடற்புழு, இரத்தசோகை, பல்வலி, பசி ஆகியவற்றை மருத்துவர்தான் சோதிக்க வேண்டும். தின்ற பின் தொடர்ந்து வாந்தி, உணவு மறுப்பு, மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் வலி ஆகியவை தெரிந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். மறுநாள் வரை காத்திருக்கலாகாது. தடுப்பூசி போடாத நாய் குரல் மாறி, எச்சில் வடித்து, கல்லையும் கட்டையையும் சங்கிலியையும் வெறியோடு கடிக்குமானால் அது ரேபிஸின் அறிகுறியாக இருக்கக்கூடும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பதுதான் அப்போது பலரும் செய்கிற காரியம். அதைச் செய்யாமல் விலகி நின்று கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும் பிறகு ஆண்டுதோறும் ஊசியும் தேவை. செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு. பல்லோ எச்சிலோ மனிதர் உடம்பில் புண்பட்ட இடத்தில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.